‘என் காதால் கேட்டேன்’ என்பது சான்றாகுமா?

வீட்டில் அம்பிளிபயர் கட்டுகிறவர்கள் மத்தியில் ஒரு வாக்கியம் வேதவாக்காக உலவி வருகிறது. "அளவீடுகள் ஒன்றையும் சொல்லமாட்டா, காதுதான் இறுதி நீதிபதி" என்பதே அது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். இசையை உண்மையாக நேசிப்பவர்கள். இரவிரவாக விழித்திருந்து ஈயம் பற்றவைப்பவர்கள். ஆயினும் இந்த வாக்கியம் பிழையானது என்பதோடு தீங்கானதும் ஆகும் என்பது என் கருத்து. நயமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று; பலனில்லை. ஆகவே சற்றுக் காரமாகவே எழுதுகிறேன்.

முதலில், பாடநூல்கள் விரியலாக்கி என்று அழைக்கும் இந்தப் பெட்டியின் வேலை என்ன? ஒன்று இரண்டு வோல்ற்றுக்குள் வருகின்ற மின் சமிக்ஞையை, அதன் வடிவம் கெடாமல், ஸ்பீக்கரை அசைக்கத்தக்க வலுவுடன் வெளியே தருவது. அவ்வளவுதான். வீணையின் குடத்துக்கு எந்தப் பலாமரம் எடுத்தார்கள் என்பது நாதத்தைத் தீர்மானிக்கும். ஏனென்றால் வீணை இசையை உண்டாக்கும் கருவி. அம்பிளிபயரோ ஏற்கெனவே உண்டான இசையைச் சுமந்து செல்லும் வண்டி. குவாட் நிறுவனத்தை நிறுவிய பீற்றர் வோக்கர், நல்ல அம்பிளிபயர் என்பது சமிக்ஞையைப் பெருப்பிக்கும் ஒரு நேரான கம்பியைப் போல இருக்கவேண்டும் என்ற இலட்சியத்தை முன்வைத்தவர். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றா என்ற கேள்விக்குக் கருவி பதில் சொல்லும். அதற்கு இரசனை தேவையில்லை.

நான் முப்பது ஆண்டுகளாகச் செய்தி மேசையில் இருப்பவன். "கண்ணால் கண்டேன்" என்று வருகிறவர்கள் எல்லோரும் பொய்யர்கள் அல்லர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரே சம்பவத்தை நேரில் கண்ட மூவர் மூன்று விதமாகச் சொல்வார்கள் என்பதும், மூவருமே சத்தியம் செய்யத் தயாராக இருப்பார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் திகதி கேட்கிறோம், ஆவணம் கேட்கிறோம், இரண்டாவது ஆதாரம் கேட்கிறோம். இதை எந்தச் சாட்சியும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. அம்பிளிபயர் விடயத்தில் மட்டும் சான்று கேட்டால், "உமக்குக் காது இல்லை" என்கிறார்கள்.

காது குறைபாடானது என்று நான் சொல்லவரவில்லை. காது அற்புதமான உறுப்பு. ஆனால் கேட்பது காது மட்டுமல்ல. மூளையும் சேர்ந்துதான் கேட்கிறது. 1976இல் மக்கேர்க், மக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் காட்டிய பரிசோதனை பலரும் அறிந்தது. ‘ப’ என்ற ஒலியை ஒலிக்கவிட்டு, ‘க’ என்று உச்சரிக்கும் உதடுகளைத் திரையில் காட்டினால், பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு ‘த’ போன்ற ஒலி கேட்கிறது. கண்ணை மூடினால் உண்மை ஒலி திரும்பிவிடுகிறது. உதட்டசைவு கேட்கும் ஒலியையே மாற்றுமென்றால், வெள்ளி நிற முகப்பும் செம்மஞ்சளாய் ஒளிரும் வால்வுகளும், அவற்றுக்குக் கொடுத்த விலையும், செலவழித்த மூன்று மாத உழைப்பும் ஒன்றும் செய்யாவா? 1994இல் புளோயிட் ரூல், ஷோன் ஒலிவ் ஆகியோர் ஸ்பீக்கர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண்கள் ஒருவிதமாகவும், திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்டபோது வேறுவிதமாகவும் அமைந்தன. அதுவும் ஸ்பீக்கர்களிடையே, அங்கே உண்மையிலேயே பெரிய வேறுபாடுகள் உண்டு. அம்பிளிபயர்களிடையே உள்ள வேறுபாடுகள் அவற்றைவிடப் பல மடங்கு சிறியவை.

இன்னொரு ஏமாற்றம் சத்தத்தின் அளவு. இரண்டு அம்பிளிபயர்களில் ஒன்று அரை டெசிபெல் கூடுதலாக ஒலித்தால், கேட்பவர் அதைக் கூடுதல் சத்தமாக உணர்வதில்லை. "கூடுதல் தெளிவு", "கூடுதல் உயிர்ப்பு" என்றே உணர்கிறார். ஆகவே ஒப்பிடுமுன் இரண்டையும் 0.1 டெசிபெலுக்குள் சமப்படுத்த வேண்டும். 8 ஓம் சுமையில் ஒரு வாற்று என்றால் 2.83 வோல்ற்று. அதில் 0.1 டெசிபெல் என்பது ஏறத்தாழ 0.03 வோல்ற்று. சத்தக் குமிழைக் கையால் திருப்பி, காதால் மதித்து இந்தச் சமநிலையை எட்ட ஒருவராலும் முடியாது. சாதாரண மல்ற்றிமீற்றரால் முடியும். "பழைய கப்பாசிற்றரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன், திரை விலகியது போலிருந்தது" என்று எழுதுபவர்களில் எத்தனை பேர் இதைச் செய்தார்கள்? கழற்றி, பற்றவைத்து, மீண்டும் கேட்பதற்குள் அரை மணி நேரம் கழிந்திருக்கும். ஒலியின் நுண்விபரங்களை அவ்வளவு நேரம் நினைவில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய மனிதர் எவருமிலர்.

இதில் வேடிக்கையும் உண்டு. விலையுயர்ந்த கப்பாசிற்றர் போட்டபின், 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ காலத்துப் பாட்டுகளில் "உச்ச ஸ்தாயியில் காற்றோட்டம்" தெரிகிறது என்று பரவசப்பட்டவர்கள் உண்டு. அக்காலத் திரைப்படங்களின் ஒளிவழி ஒலித்தடத்திலும் 78 சுழற்சி இசைத்தட்டிலும் உயர் மீடிறன்கள் பதிவானதே சொற்பம். பதிவிலேயே இல்லாத காற்று கப்பாசிற்றரில் இருந்தா வீசும்?

*

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

1947 ஏப்ரல், மே இதழ்களில் பிரித்தானியாவின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகை டி. ரி. என். வில்லியம்சன் வடிவமைத்த 15 வாற்று வால்வு அம்பிளிபயரை வெளியிட்டது. திரிபு நூற்றுக்கு 0.1 என்பது அதன் இலக்கு. உலகெங்கும் பல்லாயிரம் பேர் அதை வீட்டில் கட்டினார்கள். 1960களில் ரான்சிஸ்டர் அம்பிளிபயர்கள் வந்தன. அவற்றின் திரிபும் அதேயளவு குறைவு என்றன விளம்பரங்கள். ஆனால் கேட்டவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். "கரகரக்கிறது, களைப்புத் தருகிறது" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி.

காரணம் இதுதான். அந்த அம்பிளிபயர்களில் அலையின் மேற்பாதியை ஒரு ரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும். ஒன்று விடுத்து மற்றது ஏற்கும் இடத்தில், பூச்சியத்தைக் கடக்கையில், சிறு இடறல் ஏற்படும். முழு வலுவில் அளந்தால் இந்த இடறல் பெரிய அலையின் முன் அற்பமாகத் தெரியும். விகிதம் அழகாக இருக்கும். வீட்டில் இரவில் மெதுவாகப் பாட்டுக் கேட்கும்போதோ அலை சிறியது, இடறல் அதே அளவு. அதனால் விகிதம் பல மடங்காகிறது. அத்தோடு அந்த இடறல் எழுப்புவது உயர்வரிசை மேற்றொனிகளை. இரண்டாம் மேற்றொனி மூல சுரத்தின் மேல்ஸ்தாயி. இசையோடு ஒட்டி மறைந்துவிடும். ஏழாவதும் ஒன்பதாவதும் அப்படி ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பவை. இதையுணர்ந்து பிபிசியைச் சேர்ந்த டி. ஈ. எல். ஷோர்ட்டர் 1950இலேயே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: ஒவ்வொரு மேற்றொனிக்கும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்து வரும் நிறையைக் கொடுத்துக் கூட்டுங்கள் என்று. அதன்படி இரண்டாவதற்கு நிறை 1, ஐந்தாவதற்கு 6.25. தொழிற்துறை அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பார்த்தீரா, அளவீடு தோற்றது, காது வென்றது" என்பார்கள். பாதி உண்மை. காது முறைப்பாட்டைச் சரியாகத்தான் பதிவு செய்தது. ஆனால் குற்றவாளியைப் பிடித்தது யார்? ஒரு வாற்றிலும் அதற்குக் கீழும் அளந்து, மேற்றொனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பொறியியலாளர்கள்தான். தோற்றது அளவீடு என்ற முறையன்று. விற்பனைக்குச் சாதகமான ஒற்றை எண். 1969 ஏப்ரலில் ஜோன் லின்ஸ்லி ஹூட் வெளியிட்ட 10 வாற்று ‘வகுப்பு ஏ’ அம்பிளிபயரை எடுத்துப் பாருங்கள். ரான்சிஸ்டர்கள் ஒருபோதும் ஓயாமல் மின்னோட்டத்தைச் சுமப்பதால் அதில் அந்த இடறலே இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை, பாட்டு ஒலிக்காதபோதும் ஒவ்வொரு பக்கமும் 30 வாற்று அளவு வெப்பம். அவர் தன் காதால் வில்லியம்சனோடு ஒப்பிட்டும் பார்த்தார், அளவீடுகளையும் வெளியிட்டார். இரண்டையும் செய்தார் என்பதுதான் முக்கியம்.

1970இல் பின்லாந்தின் மற்றி ஒற்றாலா இன்னொரு குறையைச் சுட்டினார். சமிக்ஞை சடுதியாக மாறும்போது பின்னூட்டம் எட்டுவதற்குள் முதற்கட்டம் திணறிவிடுகிறது என்றார். "எதிர்ப் பின்னூட்டம் இசையைக் கொல்லும்" என்ற கோஷம் இதிலிருந்து பெரும் பலம் பெற்றது. ஆனால் 1977இல் பீற்றர் பக்சன்டால் அதே சஞ்சிகையில், கேட்கக்கூடிய திரிபில் மர்மம் ஏதுமில்லை என்று தெளிவாக எழுதிவிட்டார். அம்பிளிபயரின் வெளியீடு எவ்வளவு விரைவாக மாறவல்லது என்பதைக் கணக்கிட்டு வடிவமைத்தால் இந்தக் குறை எழாது. 100 வாற்று, 8 ஓம், 20,000 ஹேர்ட்ஸ் என்றால் மைக்ரோசெக்கனுக்கு 5 வோல்ற்று போதும். பாதுகாப்புக்கு அதைப் பலமடங்காக்குவது இன்று மிகச் சாதாரணம். ஹரோல்ட் பிளக் 1927இல் கண்டுபிடித்த எதிர்ப் பின்னூட்டம் கொலையாளியன்று. அரைகுறையாகப் போட்டால் உயர்வரிசை மேற்றொனிகள் சற்றுக் கூடும் என்பது உண்மை. தாராளமாக, உறுதிநிலை கெடாமல் போட்டால் அவையும் அடங்கிவிடும். அந்த அரைகுறை அனுபவத்தை வைத்து முழுக் கோட்பாட்டையும் தூற்றுவது, உப்புக் குறைந்த கறியைச் சுவைத்துவிட்டுச் சமையலையே பழிப்பது போன்றது.

*

"கருவி அளக்காத ஏதோ ஒன்று இசையில் இருக்கிறது" என்பார்கள். இசையில் இருக்கலாம், இரண்டு கம்பிகளில் இல்லை. ஸ்பீக்கருக்குப் போவது நேரத்தோடு மாறும் ஒரு மின்னழுத்தம். அதற்கப்பால் ஆன்மா என்று எதுவும் அந்தக் கம்பிக்குள் ஓடவில்லை. டேவிட் ஹஃப்லர் போன்றோர் இதற்கு எளிய வழி காட்டினார்கள்: உள்ளே போகும் சமிக்ஞையையும் வெளியே வருவதையும் அளவு சமப்படுத்தி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுங்கள். சோதனைச் சுரம் தேவையில்லை. உங்களுக்குப் பிடித்த பாட்டையே போடுங்கள். மிஞ்சுவதுதான் அம்பிளிபயர் செய்த தவறு. 1985இல் பொப் கார்வர், அமெரிக்காவின் ‘ஸ்ரீரியோபைல்’ சஞ்சிகையாளர்களிடம் ஒரு சவாலை ஏற்றார். அவர்கள் போற்றிய விலையுயர்ந்த அம்பிளிபயர் ஒன்றின் வெளியீட்டுக்கும் தன் மலிவான அம்பிளிபயரின் வெளியீட்டுக்கும் இடையிலான இந்த மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். முடிவில் அவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை.

அதற்கு முன்னர் 1978இல் ஜேம்ஸ் மொயர் நடத்திய சோதனையில், குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறை அம்பிளிபயர்களை, அதாவது வால்வில் ஒன்றையும் ரான்சிஸ்டரில் இரண்டையும், கேட்போர் குழு பிரித்தறியத் தவறியது. 1987 ஜனவரியில் ‘ஸ்ரீரியோ ரிவியூ’ வெளியிட்ட சோதனையில் நம்பிக்கையாளர்களும் ஐயவாதிகளும் கலந்திருந்தனர். விடைகள் நாணயம் சுண்டுவதற்குச் சமமாகவே அமைந்தன.

"மறைத்து வைத்துக் கேட்கச் சொல்வது பதற்றம் தருகிறது, அதனால் வேறுபாடு தெரிவதில்லை" என்பது அடுத்த சமாதானம். ஆனால் இதே முறையில்தான் இன்று கைத்தொலைபேசியில் ஒலிக்கும் சுருக்கிய இசை வடிவங்களை உருவாக்கியவர்கள் மிக நுண்ணிய குறைகளைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். வேறுபாடு உண்டென்றால் மறைகேட்டல் காட்டிக்கொடுக்கும். ‘ஸ்ரீரியோபைல்’ சஞ்சிகையை 1962இல் தொடக்கிய ஜே. கோர்டன் ஹோல்ட்டே, காதால் கேட்டு மதிப்பிடும் முறைக்குத் தந்தை எனத்தக்கவர், 2007இல் அளித்த நேர்காணலில், இந்த நேர்மைச் சோதனைக்கு உட்பட மறுத்ததால் துறை தன் நம்பகத்தன்மையை இழந்தது என்று கடிந்துகொண்டார்.

"வால்வு அம்பிளிபயரின் ஒலி வேறுதானே?" வேறுதான், பல வேளைகளில். அதுவும் அளக்கத்தக்க காரணத்தால்தான். பின்னூட்டமற்ற வால்வு அம்பிளிபயர் ஒன்றின் வெளியீட்டுத் தடங்கல் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் தடங்கல் மீடிறனுக்கேற்ப 6 ஓமிலிருந்து 30 ஓம்வரை ஏறி இறங்கும். கணக்குப் போட்டால், 6 ஓம் உள்ள இடத்துக்கும் 30 ஓம் உள்ள இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 டெசிபெல் மேடுபள்ளம் வரும். இது எவர் காதுக்கும் கேட்கும். ‘வெதுவெதுப்பு’ என்று புகழப்படுவதில் கணிசமான பங்கு இதுவே. அதை விரும்புவதில் குற்றமில்லை. 1994இல் ‘சென்’ என்ற ஒற்றைக்கட்ட அம்பிளிபயரை வீட்டுக் கட்டுநர்களுக்கு இலவசமாகத் தந்த நெல்சன் பாஸ், தன் வடிவமைப்புகளில் இரண்டாம் மேற்றொனி இருப்பதை மறைப்பதில்லை. வரைபடத்தோடு போட்டுக் காட்டுகிறார். பிடித்தால் கட்டுங்கள் என்பதே அவர் நிலை. அது நாகரிகமான நிலைப்பாடு. இரசனையை இரசனை என்று சொல்லுங்கள். "உண்மைக்கு நெருக்கம்" என்று சொல்லாதீர்கள்.

*

கடையில் வாங்கிய அம்பிளிபயரை ஒருவர் அளக்காமல் விட்டால் அது அவர் விருப்பம். தொழிற்சாலையில் யாரோ அளந்திருப்பார்கள். வீட்டில் கட்டியதை அளக்க வேறு எவரும் இல்லை. இங்கேதான் "காது போதும்" என்ற போதனை ஆபத்தாகிறது. இருநூறு முந்நூறு கிலோஹேர்ட்ஸில் தானே அலைவுறும் அம்பிளிபயர் நன்றாகவே பாடும்; அந்த அலைவு காதுக்கு எட்டாது. ஆனால் வெளியீட்டு ரான்சிஸ்டர்கள் கொதிக்கும். உயர்தொனி ஸ்பீக்கர் ஒருநாள் கருகும். ஒரு ரான்சிஸ்டர் குறுக்கிட்டு 35 வோல்ற்று நேரோட்டம் 6 ஓம் சுருளுக்குள் பாய்ந்தால் 200 வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம். ஸ்பீக்கர் புகைந்து எரியும். சந்தையில் 2என்3055 முதல் 2எஸ்சி5200 வரை போலி ரான்சிஸ்டர்கள் தாராளம். மேலே அச்சிட்ட எண் அதுவே. உள்ளே சிறிய சிலிக்கன் துண்டு. மெதுவாகக் கேட்கும்வரை போலி இனிமையாகவே ஒலிக்கும்.

இரண்டாவது காரணம் பணம். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது, அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதங்களில் 360 ரூபாயானது. இறக்குமதி செய்யும் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையும் ஏறியது. அப்படிப்பட்ட நாட்டில் ஓர் இளைஞர் சேமித்த பணத்தோடு வந்து, எதை வாங்கலாம் என்று கேட்கிறார். அவருக்கு மல்ற்றிமீற்றரும் சுமைத்தடையும் வாங்கச் சொல்வதற்குப் பதிலாக, பொன்முலாம் பூசிய சொருகியையும் எண்ணெய் நிரப்பிய கப்பாசிற்றரையும் காட்டுகிறார்கள் மூத்தவர்கள். பற்றவைத்தபின் அவர் எதையும் கற்கவில்லை. அடுத்து எந்தக் கப்பாசிற்றர் என்ற ஏக்கத்தை மட்டும் பெற்றார். டக்ளஸ் செல்ஃப் 1993, 1994 ஆண்டுகளில் எழுதிய தொடரோ திரிபின் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சாதாரண உதிரிப்பாகங்களைக் கொண்டே அவற்றை ஏறத்தாழ இல்லாமற் செய்யலாம் என்று காட்டியது. அதைப் படித்தவருக்கு அறிவு மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

மறுதரப்பில் எண்களைத் தொழுபவர்களும் உண்டு. 0.001 விழுக்காட்டை 0.0001 ஆக்கிவிட்டோம் என்று மார்தட்டுகிறார்கள். நல்ல ஸ்பீக்கரே அரை விழுக்காடு, சத்தமாக ஒலித்தால் அதற்கு மேலும் திரிபு தருகிறது. அந்த எண்ணின் வீரம் பொறியியல் அழகு; அதைக் கேட்டு அனுபவிப்பதாகச் சொன்னால் அவர்களும் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இவர்களுக்கும் அதே மறைகேட்டல்தான் மருந்து.

ஆகவே, வீட்டில் கட்டிய அம்பிளிபயரைப் பற்றி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சிறிய விடயங்களே. வெளியீட்டில் நேரோட்ட மின்னழுத்தம் எத்தனை மில்லிவோல்ற்று என்று சொல்லுங்கள். ஒரு வாற்றிலும் முழு வலுவிலும், 1,000 ஹேர்ட்ஸிலும் 10,000 ஹேர்ட்ஸிலும் திரிபு எவ்வளவு, மேற்றொனிகள் எவை என்று காட்டுங்கள். உங்கள் ஸ்பீக்கரை இணைத்த நிலையில் மீடிறன் வளைகோடு எப்படி என்று காட்டுங்கள். சதுர அலை கொடுத்து அலைவுறுகிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு இலட்சங்கள் தேவையில்லை. 8 ஓம் சுமைத்தடை, கணினியின் நல்ல ஒலி அட்டை, அதைக் காக்கும் மின்னழுத்தக் குறைப்பி, இலவச மென்பொருள் ஆகியவை போதும். அலைவைக் கண்டுபிடிக்க மட்டும் ஓர் ஒசிலோஸ்கோப் வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கலாம்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு அம்பிளிபயர்கள் வேறாக ஒலிக்கின்றன என்று உங்களுக்குத் தோன்றினால், சத்தத்தைச் சமப்படுத்தி, எது எதுவென்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லிப் பதினாறு முறை கேளுங்கள். பன்னிரண்டு முறையோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அப்போது எழுதுங்கள், முதல் ஆளாக நான் படிப்பேன், எங்கே அளக்கத் தவறினோம் என்று உங்களோடு சேர்ந்து தேடவும் ஆயத்தமாக இருக்கிறேன். அதுவரை "என் காதால் கேட்டேன்" என்பதை உங்கள் மகிழ்ச்சியின் செய்தியாக மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். பிறருடைய பணத்தைச் செலவிடச் சொல்லும் ஆலோசனையாக ஏற்கமாட்டேன்.